டிசம்பருக்கு ஒரு மலை

மலை சரியாக இருந்தது. மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்த மேகமும் சரியாக இருந்தது. நடுவில்தான் ஒரு சிவப்பு நைட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

ஞானதாசன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார், பலாமரம் மறைத்தது. வலப்பக்கம் நகர்ந்தால் காலுக்குக் கீழே சரிவு. குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். நைட்டி இன்னும் பெரிதாகி மலையையே மூடிக்கொண்டது. மார்த்தாண்டத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, பேச்சிப்பாறையில் இறங்கி, டெனிஷ் என்பவனுடைய ஜீப்பில் எலும்பு குலுங்க வந்து, வனத்துறைச் சாவடியில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டு, அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து ஈட்டிமூடு என்ற இந்த ஊருக்கு ஏறியிருந்தார். எல்லாம் ஒரு நைட்டியில் வந்து முடியக்கூடாது.

மார்த்தாண்டத்தில் மனைவி லீமா பெயரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் அவர். இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணம், ஞானஸ்நானம், புதுவீட்டு ஜெபம் என்று எடுத்துத் தள்ளியவர். திரும்பி அவரைப் பார்த்துச் சிரிக்காத எதையும் அவர் அதிகம் படம் பிடித்ததில்லை. இந்த மலை வேலை வந்தது சபைக் காலண்டரால்.

போன வருஷக் காலண்டரில் சபை மக்களையே படமெடுத்துப் போட்டிருந்தார்கள். மார்ச் மாதத்தில் ஒரு குடும்பம் வந்தது. அந்தக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாத இன்னொரு குடும்பம் எந்த மாதத்திலும் வரவில்லை. ஜூன் தாளில் பாடகர் குழுவின் முன்வரிசையில் யார் நின்றது என்பதில் தகராறு வந்து, பாதி வீடுகளில் ஜூன் முடியும்வரை மே மாதமே தொங்கியது. இந்த வருஷம் காலண்டர் கமிட்டி செக்ரட்டரி சுந்தர்சிங் ஒரே உத்தரவாகப் போட்டுவிட்டார்.

"பன்னெண்டு தாளும் இயற்கை. மனுசன் மூஞ்சி ஒண்ணுகூட இருக்கப்பிடாது. ஆட்டுக்கு மூஞ்சி இருந்தா பரவாயில்ல."

பதினோரு மாதம் முடிந்துவிட்டது. இனயம் கடற்கரையில் ஆளில்லாத ஒரு நிமிஷத்துக்காக மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தார். சுசீந்திரம் வயலில் ஒரு கொக்கோடு தப்பித்தார். டிசம்பர் மட்டும் பாக்கி. "டிசம்பர்னா பாத்த உடனே குளிரணும்" என்று சுந்தர்சிங் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, இன்று சனி. படம் வரவில்லை என்றால் அடுத்த வருஷம் வேலை ஜினோவுக்குப் போகும். ஜினோ ட்ரோன் வாங்கியிருக்கிறான்.

"வீட்டுல யாரும்மா?" என்று ஞானதாசன் குரல் கொடுத்தார்.

ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். ஒரு கையில் மரச்சீனிக் கிழங்கு, மறு கையில் கத்தி. ஓமனா என்று பெயர் பிறகு தெரிந்தது.

"என்ன வேணும் அண்ணே?"

"அந்தத் துணிய கொஞ்சம் மாத்திப் போட முடியுமா? ஒரு போட்டோ எடுக்கணும்."

"துணியயா?"

"இல்ல, மலைய."

ஓமனா திரும்பி மலையைப் பார்த்தாள். நேற்றுவரை நன்றாக இருந்ததற்கு இன்று ஏதாவது ஆகிவிட்டதா என்று தேடுகிற பார்வை.

"மலைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. பாக்க நல்லா இருக்கு."

அவள் கிழங்கைக் கீழே வைத்துவிட்டுப் போய், நைட்டியைக் கயிற்றோடு உருவினாள். நைட்டி இருந்த இடத்தில் மூன்று சுவர்கள் தெரிந்தன. நடுவில் ஒரு வெள்ளைப் பீங்கான். கூரை இல்லை, கதவு இல்லை. இவ்வளவு நேரம் நைட்டிதான் கதவாக இருந்திருக்கிறது.

"ஓ," என்றாள் ஓமனா. "கக்கூஸ் பாக்க வந்த சாரா?"

"இல்லம்மா. மலையப் பாக்கத்தான்."

"மலையப் பாக்க வந்தவரு எதுக்குக் கதவத் தெறக்கச் சொல்லுகாரு?"

யோசித்துப் பார்த்தால் கேள்வியில் தப்பில்லை.

"மாதேவன் அண்ணே," என்று அவள் மேட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "கக்கூஸ் சாரு வந்திருக்காரு."

மேட்டு வீட்டிலிருந்து ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார். ஊருக்கு மூத்தவர் என்பது அவர் வந்த நிதானத்திலேயே தெரிந்தது. அவருக்குப் பின்னால் நாலைந்து பேர்.

"வாருங்க சாரே," என்றார் மாதேவன். "நாலு வருசமா எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம்."

"நான் ஆபீசர் இல்ல."

மாதேவன் தலையை ஆட்டினார். "சொல்லப்பிடாதுண்ணு உத்தரவு இருக்கும். நாங்க கேக்கல்ல."

இதை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்று ஞானதாசன் நினைத்தார். பர்ஸைத் திறந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். மாதேவன் அதைக் கண்ணுக்கு எட்ட வைத்தும் கிட்ட வைத்தும் எழுத்துக் கூட்டினார்.

"லீமா... டிஜிட்டல்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு போனது.

"டிஜிட்டலா?" என்றாள் ஓமனா. "ரேஷன் கார்டு டிஜிட்டல் ஆன மாதிரியா?"

"எல்லாமே இப்ப டிஜிட்டல்தானே. அந்தப் பிரிவுலயிருந்து வந்திருக்காரு," என்றார் மாதேவன் எல்லாருக்குமாக.

"பிரிவு ஒண்ணும் இல்ல," என்றார் ஞானதாசன். "கல்யாண வீட்டுக்கு போட்டோ எடுக்கிய ஆளு நான்."

"இங்க இப்ப கல்யாணம் ஒண்ணும் இல்லியே."

"தெரியும். இது காலண்டருக்கு. செக்ரட்டரி சொல்லித்தான் வந்தேன்."

சொன்ன பிறகுதான் எந்தச் சொல்லை வெளியே விட்டோம் என்று அவருக்கு உறைத்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கி மரியாதையாக நின்றது. ஒருவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டார்.

"செக்ரட்டரியே நேருல சொன்னாரா?" என்று மாதேவன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நேருலதான். ஆனா அவரு..."

"எங்க ஊரு பேரச் சொன்னாரா?"

"இல்ல, மலை வேணும்ணு சொன்னாரு. மனுசங்க வேண்டாம்ணு."

இது எல்லாவற்றிலும் மோசமான விளக்கமாகப் போய்விட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மனுசங்க வேண்டாமா?" என்றாள் ஓமனா. "அப்ப எங்கள மலையிலயிருந்து எறக்கி விடதுக்கா அளக்க வந்திருக்கிய?"

"ஐயோ, இல்லம்மா." ஞானதாசன் இரண்டு கைகளையும் வீசி மறுத்தார். "படத்துல மட்டும் வேண்டாம். நீங்க இருக்கலாம். எல்லாரும் இங்கதான் இருக்கணும்."

"இருக்கலாம்ணு சாரு சொல்லிட்டாரு," என்றார் மாதேவன். எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

பேசப் பேச முடிச்சு இறுகுகிறது. பேசாமல் வேலையை முடித்துக்கொண்டு இறங்கிவிடுவதே வழி. ஞானதாசன் விடுவிடுவென்று பக்கத்திலிருந்த பாறையில் ஏறி, முதுகிலிருந்த கேமரா முக்காலியை எடுத்து விரித்தார். மூன்று கால்களும் பாறையில் ஊன்றிய சத்தம் கேட்டதுதான் தாமதம், நில அளவைக்காரர் வந்தது போலக் கீழே இரண்டு பேருக்குள் சண்டை கிளம்பிவிட்டது. மிளகுக் கொடி ஏறிய மரத்திலிருந்து அளக்க வேண்டும் என்று ஒருவர்; மரத்துக்கு அந்தப்புறமிருந்து அளக்க வேண்டும் என்று மற்றவர். முக்காலியை மடக்கினார். மடக்கியதும் இருவரும் சேர்ந்து, "பாதி அளந்துட்டு விடப்பிடாது சாரே," என்றார்கள்.

மேகம் மலையின் இடுப்பிலிருந்து கழுத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

கடைசியில் கல்யாண வீட்டு அனுபவம்தான் கைகொடுத்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அடம்பிடித்தால் அவரை முதலில் நிறுத்தி நாலு படம் எடுத்துவிட வேண்டும். பிறகு வேலை நடக்கும். ஞானதாசன் பாறையிலிருந்து இறங்கினார்.

"சரி. என்னெல்லாம் எடுக்கணும்?"

மாதேவன் ஓமனாவைப் பார்த்தார். ஓமனா வீட்டுக்குள் போய் ஒரு பள்ளிக்கூட நோட்டும் பேனாவும் கொண்டுவந்தாள். நோட்டில் வரிசையாக ஒன்றிலிருந்து ஏழுவரை ஏதோ எழுதியிருந்தது.

முதலில் கக்கூஸ். பிறகு ஊருக்கு நடுவே நின்ற தண்ணீர்த் தொட்டி. மேலே ஏறி மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் இல்லை. ஒரு ஓணான் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஞானதாசன் அதையும் எடுத்தார். ஓணானுக்கு மூஞ்சி இருந்தால் பரவாயில்லை.

"தூரத்துல நிண்ணு ஒண்ணு, கிட்டத்துல ஒண்ணு," என்றார் மாதேவன். "தூரத்துல எடுத்தா எந்த எடம்ணு தெரியும். கிட்டத்துல எடுத்தா என்ன கேடுண்ணு தெரியும்."

"தேதி விழுமா சாரே?" என்றாள் ஓமனா.

"விழும்."

"கீழ ஓரத்துல விழட்டும். நடுவுல விழுந்தா ஓட்டைய மறைக்கும்."

இருபத்திரண்டு வருஷத்தில் எந்தப் பெண்ணின் அப்பாவும் அவரை இவ்வளவு துல்லியமாக வேலை வாங்கியதில்லை. சுவரில் வெடிப்பு வந்த இடத்தில் ஒருவர் தானாகவே ஸ்கேலை எடுத்து நிமிர்த்திப் பிடித்தார். ஞானதாசனுக்கு எரிச்சல் போய், அந்த இடத்தில் ஒருவிதமான ஆசை வந்து உட்கார்ந்தது. அடுத்தது என்னவாக இருக்கும் என்று அவரே நோட்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். யானை மிதித்த வாழைத் தோட்டத்தில் தரையில் படுத்துக்கொண்டு, முறம் அளவுக்குப் பதிந்திருந்த காலடியை வெயில் சாய்ந்து விழும்படி எடுத்தார்.

"எப்ப வந்துது?"

"செவ்வாக்கெழம."

"ஒத்தையா?"

"ரெண்டு. குட்டியும் கூட. குட்டிதான் கூடுதல் சேட்டை."

அவர் குட்டியின் காலடியையும் தேடிப் பிடித்து எடுத்தார். யாரும் அதைக் கேட்கவில்லை.

ஏழாவது, பாலம்.

ஊரையும் பள்ளிக்கூடத்தையும் ஒரு ஓடை பிரித்தது. ஓடையின் குறுக்கே நாலு கமுகுத் தடிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பிடித்துக்கொள்ள மேலே ஒரு கம்பி. தடிகளில் ஒன்று கறுத்துப்போய் நடுவில் தொய்ந்திருந்தது.

"இதுல பிள்ளைக போகுமா?" என்றார் ஞானதாசன்.

"பதினாலு பிள்ளைக."

"மழக்காலத்துல?"

"பாலம் லீவு விட்டா பள்ளிக்கூடமும் லீவு," என்றாள் ஓமனா. "எனக்க தங்கச்சிய பேறுகாலத்துக்கு எடுத்துட்டுப் போனப்ப இந்தப் பக்கமே விடிய விடிய உக்காந்திருந்தோம். தண்ணி எறங்கல்ல. பிள்ள இங்க வச்சே பெறந்துது. ரெண்டு பேரும் பொழச்சது பாக்கியம். பிள்ளைக்கு நாலு வயசு ஆச்சு."

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஞானதாசன் கேமராவைக் கீழே இறக்கிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வருகிற தண்ணீர், வெயிலில் மணல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. அது எப்படி ஒரு ராத்திரி முழுக்க ஆட்களை உட்கார வைத்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மாதேவன் அவர் பார்வையைப் புரிந்துகொண்டு, கரையில் நின்ற மரத்தில் தன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே பட்டையில் சேறு காய்ந்து ஒரு கோடு இருந்தது.

"நடுவுல போய் நிண்ணு எடுத்தாத்தான் அழுகினது தெரியும் சாரே. சூட்சிச்சுப் போங்க."

அவர் சூட்சித்து, எட்டுக்கு எட்டு நிதானித்துத்தான் போனார். மூன்றாவது எட்டில் கறுத்த தடி ஒரு பெருமூச்சு விட்டது. அடுத்த கணம் ஞானதாசனின் வலது கால் தடிகளுக்கு நடுவே தொடைவரை இறங்கி, இடது கால் அதைத் தேடிப் போய், கயிறு அறுந்து, ஆள் அப்படியே ஓடைக்குள் உட்கார்ந்தார். கேமரா வைத்திருந்த கை மட்டும் தண்ணீருக்கு மேலே விறைத்து நின்றது.

ஓமனா கரையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் கேமராவை வாங்கிக்கொண்டாள்.

"அப்படியே கொஞ்சம் இருங்க சாரே," என்றாள்.

"என்னத்துக்கு?"

"ஒடிஞ்ச தடியும் நீங்களும் சேந்து விழணும். தலைய கொஞ்சம் சரிச்சுக்கிடுங்க, ஓட்டைய மறைக்குது."

ஞானதாசன் தலையைச் சாய்த்தார். ஏன் சாய்த்தார் என்று பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்தும் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. அவள் இரண்டு எடுத்தாள். தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று. பிறகு கேமராவின் முதுகில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்தியாகி, நோட்டில் ஏழாவது எண்ணுக்கு நேரே டிக் போட்டாள். அதற்கப்புறம்தான் நாலு பேர் இறங்கி அவரைத் தூக்கினார்கள்.

தலை துவட்டத் துண்டு வந்தது. உடுத்திக்கொள்ள மாதேவனின் வேட்டி வந்தது. அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் கட்டன் சாயாவும் வந்தன. துவையலின் காரம் ஏறி அவருக்குக் கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின. பாதி சாப்பாட்டில் ஓமனா ஒரு துண்டுத் தாளில் போன் நம்பர் எழுதிக் கொடுத்தாள்.

"படமெல்லாம் இந்த நம்பருக்கு அனுப்பினா போதும் சாரே."

ஆபீசர் எடுத்த படத்தை ஆபீசுக்குக் கேட்காமல் தங்களுக்குக் கேட்கிறார்களே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அதற்குள் இன்னொரு துண்டு மரச்சீனி இலையில் விழுந்தது.

சாப்பிட்டு எழுந்தபோது மலையைக் காணவில்லை. வானமும் மலையும் மேகமும் ஒரே பால் நிறமாகிக் கிடந்தன. ஞானதாசன் பாறையில் போய் உட்கார்ந்தார். கால் மணி, அரை மணி. ஊரும் அவரோடு சேர்ந்து உட்கார்ந்து எதிரே ஒன்றுமில்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று மேகம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. மலை நீலமாக, ஈரமாக, எட்டித் தொடலாம் போல வந்து நின்றது. பார்த்தவுடனே குளிர்ந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்று கத்தினார்.

தள்ளி நின்றார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் தள்ளி நின்றார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஓடிவந்து ஓரத்தில் தள்ளி நின்றார்கள். பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டன.

"அந்தப் பக்கம்," என்று கையைக் காட்டினார். எல்லாரும் அந்தப் பக்கமாக நெருங்கி நின்று தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள்.

மேகம் திரும்பி வந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் கையை மீறிப் போயிற்று.

"எல்லாரும் இங்க பாருங்க. சிரிங்க," என்றார் ஞானதாசன்.

இறங்கும்போது ஓமனா கூட வந்தாள். அவளுக்கு அடிவாரத்தில் ரேஷன் கடைக்குப் போக வேண்டியிருந்தது. பாதி வழியில் போனுக்கு உயிர் வந்தது. சுந்தர்சிங்.

"கெடச்சுதா ஓய்?"

"கெடச்சுது."

"மலை தெளிவா தெரியுதா?"

"பின்னால தெளிவா தெரியுது."

"பின்னாலயா? அப்ப முன்னால என்ன இருக்கு?"

"முப்பத்திரெண்டு பேரு."

சிக்னல் போய்விட்டது என்று ஞானதாசன் தானாகவே முடிவு செய்து போனைப் பையில் போட்டார்.

அதற்கப்புறம் அவருக்கு நடை ஓடவில்லை. காலண்டரைவிட வேறொன்று உறுத்தியது. அந்த மரத்தில் மாதேவன் தொட்டுக் காட்டிய சேற்றுக் கோடு கண்ணைவிட்டுப் போகவில்லை. செக்ரட்டரி அனுப்பிய ஆள் வந்து படமெடுத்துப் போயிருக்கிறார், பாலம் வந்துவிடும் என்று அந்த முப்பத்திரண்டு பேரும் இன்றிலிருந்து வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போட்ட மரச்சீனியைத் தின்றுவிட்டு, அவர்கள் வேட்டியையும் கட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார் அவர்.

ஜீப் நிற்கிற இடம் தெரிந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"ஓமனா, ஒரு காரியம் சொல்லணும். நான் ஆபீசர் இல்ல."

"ம்."

"சத்தியமா இல்ல. எனக்க செக்ரட்டரி சபைக் காலண்டருக்கு செக்ரட்டரி. டிஜிட்டல்ங்கிறது என் ஸ்டூடியோ பேரு. எனக்கு ஒரு அதிகாரமும் கெடையாது. படமெல்லாம் நாளைக்கே அனுப்பிருவேன், பிரிண்டும் போட்டுத் தாறேன். ஆனா ஆபீசர் வந்தாருண்ணு நெனச்சு யாரும் காத்திருக்கப்பிடாது. நான் அப்பவே இன்னும் தெளிவா சொல்லியிருக்கணும். தப்பு எனக்கத்தான்."

அவள் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஓமனா காலி அரிசிப் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது எங்களுக்கு நீங்க வந்தப்பவே தெரியும் அண்ணே. மனுவோட வைக்கதுக்குப் படம் வேணும். போட்டோக்காரருண்ணு கூப்பிட்டா எல்லாரும் மலைய மட்டும் எடுத்துட்டுப் போயிருதாவ. சாருண்ணு கூப்பிட்டாத்தான் பாலத்த எடுக்காவ."